இடமாற்றமும் பதிவேடும்

நேயர்களுக்கு வணக்கம். நான் மல்லாவியில் பிறந்தவள். இப்போது ரொறன்ரோவில் சட்டத்தரணி. அங்கே வைத்தியர்கள் போன்ற சுகாதாரத் தொழில் செய்பவர்கள் மீது குற்றச்சாட்டு வந்தால் அதை விசாரிக்கிற ஒழுக்காற்று நியாயசபைக்குச் சட்ட ஆலோசகராக வேலை செய்கிறேன். லீவில் வந்தவளைப் பிடித்து, "அக்கா, உங்கட வேலையைப் பற்றி எங்கட சனத்துக்கும் சொல்லுங்கோவன்" என்று நிலையத்துப் பிள்ளைகள் கேட்டார்கள்.

ஊரில் எல்லோரும் முதலில் கேட்பது, "நீர் டொக்டர் பக்கமோ, நோயாளி பக்கமோ?" என்றுதான். இரண்டும் இல்லை. ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில், 1991ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வருகிற ஒவ்வொரு சுகாதாரத் தொழிலுக்கும், அந்தத் தொழில் செய்ய ஆட்களைப் பதிகிற பதிவுச் சபை ஒன்று உண்டு. முறைப்பாடு பாரதூரமானது என்று கண்டால் அந்தச் சபையே வழக்கை நடத்தும். சபைக்கு ஒரு சட்டத்தரணி, வைத்தியருக்கு ஒரு சட்டத்தரணி. முறைப்பாடு செய்தவர் அங்கே சாட்சி மட்டும்தான். தீர்ப்புச் சொல்லும் குழுவில் மூன்று முதல் ஐந்து பேர் இருப்பார்கள். அவர்களில் இரண்டு பேராவது அந்தத் தொழிலைச் சேராத பொதுமக்களாக இருக்க வேண்டும். நான் அந்தக் குழுவுக்கு உதவியாக இருப்பவள்.

உதவி என்றால் காதுக்குள் குசுகுசுக்கிற உதவி இல்லை. சட்டம் பற்றிக் குழுவுக்கு நான் என்ன ஆலோசனை சொன்னேன் என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரிய வேண்டும். அது பிழை என்று எழும்பி வாதாட அவர்களுக்கு உரிமை உண்டு. எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்தது இதுதான். விசாரணை முடிந்த பிறகு, குழு எழுதுகிற தீர்ப்பின் வரைவை வாசிப்பேன். "அந்தப் பெண் சொன்னதை நாங்கள் நம்புகிறோம்" என்று ஒரு வரி இருந்தால், பக்கத்தில் "ஏன்?" என்று எழுதி அனுப்புவேன். காரணத்தை அவர்கள்தான் எழுத வேண்டும். அவர்களுக்காக நான் முடிவு எடுத்தால், மேன்முறையீட்டில் தீர்ப்பே விழுந்துபோகலாம்.

விசாரணை மண்டபத்தில் எங்கட ஆட்களை நான் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். கேள்வி கேட்டால் தலையாட்டுவார்கள். அதுவும் நாங்கள் ஆட்டுகிற ஆட்டு, ஓமோ இல்லையோ என்று வெள்ளைக்காரனுக்கு எங்கே விளங்கும்? பேசுவதெல்லாம் அங்கே எழுத்தில் பதிவாகும். தலையாட்டினது அதில் விழாது, "ம்ம்" என்பதும் விழாது. "தயவுசெய்து வாயால் சொல்லுங்கள்" என்று தலைவர் சொல்வார், மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்வார், அம்மா அதற்கும் தலையாட்டுவார்.

குற்றவியல் வழக்கைப்போல, நியாயமான சந்தேகம் எதுவும் இல்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை. நடந்திருக்கவே கூடுதல் சாத்தியம் என்று தெளிவான, நம்பத்தக்க சான்று காட்டினால் போதும். அந்தச் சான்று பெரும்பாலும் நோயாளியின் கோவைக்குள்தான் கிடக்கும். கணினியில் எழுதிய குறிப்பு எந்தத் திகதியில், எத்தனை மணிக்கு எழுதப்பட்டது என்று அந்தக் கணினியே காட்டிக்கொடுக்கும். முறைப்பாடு வந்து மாதக்கணக்கில் கழித்து, "ஆபத்துகளை நோயாளிக்கு விளக்கினேன்" என்று ஒரு வரி கோவைக்குள் ஏறியிருந்தால், வைத்தியரின் சட்டத்தரணிக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

இதில் நோயாளிக்கு நட்டஈடு கிடையாது. 35,000 டொலர் வரை அபராதம் விதிக்கலாம், அதுவும் அரசாங்கத்துக்குத்தான் போகும். இவர் இந்தத் தொழிலைத் தொடரலாமா, தொடரலாம் என்றால் என்ன நிபந்தனையோடு என்பதுதான் அங்கே கேள்வி. நோயாளியோடு சில வகைப் பாலியல் நடத்தைகள் நிரூபிக்கப்பட்டால் அந்தத் தெரிவும் குழுவுக்கு இல்லை. பதிவை ரத்துச் செய்தே ஆக வேண்டும், ஐந்து வருடம் போகுமட்டும் திருப்பி விண்ணப்பிக்கவும் முடியாது. விசாரணை பகிரங்கமாக நடந்தாலும் பாதிக்கப்பட்டவரின் பெயர் வெளிவராமல் தடை உத்தரவு போடலாம். "ஊர் என்ன சொல்லும்" என்று பயப்படுகிற பெண்கள் அங்கேயும் இருக்கிறார்கள்.

வன்னியில் இந்தப் பேச்சை எடுப்பதே கஷ்டம் என்று எனக்குத் தெரியும். 2009இல் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் மருந்தில்லாமல், மயக்க ஊசி இல்லாமல் காயக்காரரைப் பார்த்த வைத்தியர்களையும் தாதியரையும் கண்ட சனம் இது. அந்தக் கைகளை மறந்துவிட்டு வைத்தியர் மேல் முறைப்பாடு எழுத யாருக்கு மனம் வரும்? ஆனால் அந்த நன்றி அந்த மனிதர்களுக்கு உரியது. வெள்ளைக் கோட்டுப் போட்ட எல்லோருக்கும் அதை எழுதிக் கொடுக்கத் தேவையில்லை.

முறைப்பாடு போனாலும் இங்கே அனேகமாக எல்லோரும் கேட்பது இடமாற்றம். "ஆளை மாத்திப் போட்டாங்கள்" என்றதும் எங்களுக்குத் திருப்தி. மாறிப்போன இடத்திலும் நோயாளிகள்தானே இருக்கிறார்கள்? இடமாற்றம் என்பது திணைக்களம் தன் உத்தியோகத்தரை நகர்த்துகிற வேலை. பதிவு வேறு. அது ஆளோடு கூடவே போகும், தனியார் ஆஸ்பத்திரிக்கும் போகும்.

இலங்கையில் அந்தப் பதிவு எங்கே இருக்கிறது? வைத்தியர், பல் வைத்தியர், மருந்தாளர், வீடு வீடாக வருகிற குடும்பநல மாது ஆகியோருக்கு, 1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை மருத்துவ சபை. தாதியருக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான தாதியர் சபை. சித்த, ஆயுர்வேத வைத்தியருக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான ஆயுர்வேத மருத்துவ சபை. எல்லாம் கொழும்புப் பக்கம்தான், ஏ9 வீதியில் ஒரு இரவு பஸ் பயணம். அதற்காக இங்கிலீசிலோ சிங்களத்திலோதான் எழுத வேண்டும் என்று ஒன்றுமில்லை. 1987இன் 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் அரச கரும மொழி.

மருத்துவ சபைக்கு முறைப்பாடு கொடுக்கிறவர்கள் அதைச் சத்தியக்கடதாசியாக, அதாவது எழுதியது உண்மை என்று சத்தியம் செய்து கையொப்பம் வைத்த கடதாசியாகக் கொடுக்க வேண்டும். ஆகவே கிளினிக் கொப்பியை அடுப்பு மூட்ட எடுக்காதீர்கள். வாட்டில் இருந்து துண்டு வெட்டும்போது தருகிற டயக்னோசிஸ் காட், மருந்துச் சிட்டை, தனியார் இடமென்றால் பில், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். மூலப்பிரதியை ஒருவரிடமும் கொடுக்க வேண்டாம், போட்டோக்கொப்பி போதும். என்ன நடந்தது, எத்தனையாம் திகதி, பக்கத்துக் கட்டிலில் யார் இருந்தார் என்று அந்தக் கிழமைக்குள்ளேயே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எழுத வராதென்றால் பள்ளிக்கூடம் போகிற பேரப்பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள்.

அந்தச் சத்தியக்கடதாசியில் கையொப்பம் வைக்கச் சமாதான நீதவானிடமோ சட்டத்தரணியிடமோ போனால், முழுவதையும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாத ஒரு வரி அதில் இருந்தால் வெட்டச் சொல்லுங்கள். "அது பரவாயில்லை, வையுங்கோ" என்றால், பையையும் எடுத்துக்கொண்டு வேறு ஆளிடம் போங்கள்.

வணக்கம்.