பிரஸ்டன் பிளம்பர்

நண்பர்களே, வணக்கம். ஒரு வார ஆட்டத்துக்குக் கோடிகளில் சம்பளம் வாங்கும் கால்பந்து வீரர்களைப் பற்றித் தினமும் படிக்கிறீர்கள். நான் பேச வந்திருப்பது, குழாய் வேலை பார்த்துக்கொண்டே இங்கிலாந்துக்காக 76 ஆட்டங்கள் ஆடிய டாம் ஃபின்னியைப் பற்றி.

1922இல் பிரஸ்டனில் பிறந்தவர். லங்காஷயரின் பஞ்சாலை ஊர் அது. பிரஸ்டன் நார்த் எண்ட் கிளப் கூப்பிட்டபோது அப்பா குறுக்கே நின்றார்: முதலில் பிளம்பர் தொழிலைக் கற்று முடிக்க வேண்டும், பந்தெல்லாம் அப்புறம். அந்தக் கிழவர் கெட்டிக்காரர். ஏன் என்று சொல்கிறேன்.

நடுவில் போர் வந்தது. ஃபின்னி எகிப்துக்குப் போய் ராணுவத்தில் இருந்தார். லீக்கில் முதல் ஆட்டம் ஆடும்போது 1946 ஆகஸ்ட், வயது 24. அடுத்த மாதமே இங்கிலாந்து அணியில் இடம். முதல் ஆட்டத்திலேயே ஒரு கோல். பிறவியில் இடதுகால்காரர், வலதுகாலைப் பழக்கி எடுத்தவர். மைதானத்தின் இரண்டு ஓரங்களிலும், அதாவது இரண்டு விங்கிலும் ஆடுவார், நடுவிலும் ஆடுவார். எந்தப் பக்கம் திரும்புவார் என்று தடுப்பாளருக்குத் தெரியாது.

சரி, சம்பளத்துக்கு வருவோம். அன்று இங்கிலாந்தில் எவ்வளவு பெரிய வீரரானாலும் வாரத்துக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு இருந்தது. 1952இல் அது 14 பவுன். கோடை விடுமுறையில் அதுவும் குறையும். அதனால்தான் பிளம்பர் பை கையை விட்டு இறங்கவில்லை.

அந்த வருடம் இங்கிலாந்து அணி இத்தாலிக்குப் போனபோது பலேர்மோ கிளப் அவரைக் கேட்டது. கையெழுத்துக்கு 10,000 பவுன், மாதம் 130 பவுன், பங்களா, கார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்தக் கையெழுத்துக் காசை பிரஸ்டனில் சம்பாதிக்கப் பதின்மூன்று வருடத்துக்கு மேல் ஆகும்! ஊர் திரும்பியதும் கிளப் தலைவரிடம் சொன்னார். முடியாது என்றுவிட்டார் தலைவர். எங்களுக்கு ஆடாவிட்டால் எவனுக்கும் ஆடமாட்டாய் என்கிற தோரணை. அது வெறும் மிரட்டல் இல்லை. ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப் விடுவிக்காமல் வேறெங்கும் போக முடியாது, விதி அப்படி.

ஒரே கிளப்பில் ஆடி முடித்த விசுவாசி என்று இன்றும் அவரைப் புகழ்கிறார்கள். ஊர்ப்பாசம் உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டவர்கள், உள்ளே இருந்தவனின் விசுவாசத்தைப் பாராட்டுவது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

பூட்டிவைத்த கிளப் பட்டமாவது வாங்கித் தந்ததா? 1953இல் ஆர்சனலும் பிரஸ்டனும் புள்ளிகளில் சமம்; கோல் விகிதத்தில், அதாவது அடித்த கோலை வாங்கிய கோலால் வகுத்த கணக்கில், நூலிழையில் லீக் பட்டம் ஆர்சனலுக்குப் போனது. 1954 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் வெஸ்ட் பிராம்விச்சிடம் 3-2 தோல்வி. ஆனாலும் கால்பந்துப் பத்திரிகையாளர்கள் ஃபின்னியைத்தான் 1954இலும் 1957இலும் ஆண்டின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு முறை வாங்கிய முதல் ஆள் அவர்.

187 லீக் கோல்களோடு 1960இல் ஓய்வு பெற்றார். 1961 ஜனவரியில் உச்சவரம்பை எடுத்தார்கள். ஒன்பது மாதம் முந்திவிட்டார், பாவம்! அந்த சீசன் முடிவில், அவர் இல்லாத பிரஸ்டன், அன்றைய உச்சப் பிரிவான முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது. உச்சப் பிரிவுக்கு இன்றுவரை திரும்ப ஏறவில்லை. ஃபின்னியோ பிளம்பர் தொழிலை முழுநேரமாகக் கவனிக்கப் போய்விட்டார்.

பிரஸ்டன் கிளப்பின் மைதானமான டீப்டேலில் அவருக்குச் சிலை இருக்கிறது. 1956இல் செல்சியின் மைதானத்தில் தேங்கிய மழைநீரைக் கிழித்துக்கொண்டு அவர் சறுக்கிய புகைப்படத்தைப் பார்த்துச் செய்தது. அதனால் சிலையைச் சுற்றி நீரூற்று. அங்கே குழாய் அடைத்துக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது என்று ஊரில் யாராவது நிச்சயம் கிண்டலடித்திருப்பார்கள்.