எழுதும் பெண்களும் தோமியேயின் கேலிச்சித்திரங்களும்

நேயர்களுக்கு வணக்கம்.

பாரிஸ் நகரின் நையாண்டி நாளேடான 'லெ ஷாரிவாரி', 1844ஆம் ஆண்டில் கேலிச்சித்திர ஓவியர் ஒனோரே தோமியே வரைந்த 40 கல்லச்சுப் படங்களை 'நீலக் காலுறைகள்' என்ற தலைப்பில் ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டது. இலக்கியத்தில் ஈடுபட்ட பெண்களை ஏளனமாகக் குறிக்க அக்காலப் பிரெஞ்சுக்காரர் வழங்கிய பெயர் அது.

அவற்றுள் ஒரு படத்தில் தாய் எழுத்தில் மூழ்கியிருக்க, குழந்தை குளியல் தொட்டிக்குள் தலைகீழாக விழுந்து கிடக்கிறது. தாய் படைப்பின் நெருப்பில் இருக்கிறாள், குழந்தை தொட்டி நீரில் இருக்கிறது என்கிறது கீழேயுள்ள வாசகம். இத்தகைய வாசகங்களைப் பெரும்பாலும் ஏட்டின் எழுத்தாளர்களே எழுதினார்கள் என்பதால், குத்தல் முழுவதையும் ஓவியரின் கணக்கில் எழுதிவிட முடியாது. இன்னொரு படத்தில் ஒரு பெண் கண்ணாடியில் தன் மெலிந்த உருவத்தைப் பார்த்து, மேதைமைக்கு ஆண், பெண் என்ற பேதம் இல்லை என்று தன்னைத் தேற்றிக்கொள்கிறாள். பெண்களுக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட கருத்தே அங்கே கேலிக்குரியதாகிவிடுகிறது.

தோமியேயின் 1839ஆம் ஆண்டுப் படம் ஒன்றில், கிழிந்த கால்சட்டையுடன் நிற்கும் கணவர், மனைவியர் அதைத் தைத்துத் தராமல் போவதற்கு நாவலாசிரியை ஜார்ஜ் சாந்த்தான் காரணம் என்று எரிந்து விழுகிறார்: ஒன்று விவாகரத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், இல்லையேல் அந்த எழுத்தாளரை ஒழித்துவிட வேண்டும்! பிரான்சில் 1816இல் நீக்கப்பட்ட விவாகரத்து உரிமை 1884இல்தான் மீண்டும் வந்தது. மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று 1804ஆம் ஆண்டின் குடிமைச் சட்டம் வெளிப்படையாகவே விதித்திருந்தது. கணவனின் அனுமதியின்றி அவள் நீதிமன்றத்தில் வழக்காடவும் இயலாது. சட்டம் இப்படியிருக்க, படங்களில் பரிதாபத்துக்குரியவராக நிற்பவரோ கணவர்.

மன்னர் லூயி பிலிப்பைப் பெருந்தீனி அரக்கனாக வரைந்ததற்காக 1832இல் சிறை சென்றவர் தோமியே. 1835ஆம் ஆண்டுச் சட்டங்கள் படங்களை வெளியிடும் முன்பே தணிக்கை செய்ய வேண்டும் என்று விதித்த பிறகே அவர் வழக்கறிஞர், மருத்துவர், வீட்டு உரிமையாளர் என்று சமூகத்தின் பக்கம் திரும்பினார். ஆனால் வழக்கறிஞர் தம் தொழிலில் செய்யும் பித்தலாட்டத்துக்காகக் கேலிக்கு ஆளானார். பெண்ணோ, பெரும்பாலும், பேனாவைத் தொட்டதற்காகவே ஆளானாள். இந்த வேறுபாட்டைத் தணிக்கையின் தலையில் கட்டிவிட முடியாது என்பது என் கருத்து. 1848 புரட்சியில் மன்னர் நாட்டைவிட்டு ஓடி, பத்திரிகைகள் தளை நீங்கியிருந்த அதே ஆண்டில்தான், விவாகரத்து உரிமை கேட்ட பெண்களைப் பரிகசிக்கும் புதிய வரிசையை தோமியே வரைந்தார்.