முகதாட்சண்யம் இல்லாத இடம்

அனைவருக்கும் வணக்கம்.

"பெயரை மறைத்துக்கொண்டு எழுதுகிறான், அதான் இந்த ஆட்டம்." சமூக வலைத்தளச் சண்டை என்று பேச்செடுத்தாலே இதைத்தான் சொல்வோம். நானும் சொல்லித் திரிந்தவன்தான். தென்கொரியா இதை நம்பிச் சட்டமே போட்டது. 2007 முதல், பெரிய தளங்களில் அடையாளத்தை உறுதிசெய்தால்தான் பதிவிட முடியும். 2012-இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்தது. சட்டவிரோதப் பதிவுகள் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை என்பது காரணங்களில் ஒன்று.

சரி, பெயர் இல்லையென்றால் வேறென்ன? அதே 2012-இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் இருவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 142 பேரை இருவர் இருவராக இணைய அரட்டையில் உட்காரவைத்து, ஒரு சிக்கலைக் கொடுத்து வாதாடவிட்டார்கள். சிலருக்கு எதிராளி யாரென்று தெரியும், சிலருக்குத் தெரியாது. சிலரால் கேமரா வழியே கண்ணோடு கண் பார்க்க முடியும், சிலரால் முடியாது. வசவை அதிகம் கிளப்பியது பெயர் மறைவு அல்ல. கண்ணைப் பார்க்க முடியாததுதான்.

நம்மிடம் இதற்கு ஒரு சொல்லே உண்டு: முகதாட்சண்யம். அதைப் பெரும்பாலும் குறையாகத்தான் சொல்வோம், "முகதாட்சண்யத்துக்குக் கடன் கொடுத்து ஏமாந்தேன்" என்று. ஆனால் நேரில் சண்டை போடும்போது கவனியுங்கள். கடுஞ்சொல் பாதி வெளியே வருவதற்குள் எதிரே இருப்பவரின் கண் தாழ்கிறது, உதடு கோணுகிறது. மீதிப் பாதி நம் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. திரையில் கட்டைவிரலுக்கு எதிரே அப்படி எதுவும் தாழ்வதில்லை.

"கொட்டித் தீர்த்தால் மனசு ஆறும்" என்பார்கள். அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், தன்னைச் சீண்டியவரை நினைத்தபடி குத்துப்பையைக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகம் மிஞ்சியது. சும்மா உட்கார்ந்திருந்தவர்கள்கூட அவர்களைவிடத் தணிந்திருந்தார்கள். இங்கே குத்துக்கு விருப்பக்குறி வேறு விழுகிறது, கேட்க வேண்டுமா?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர் ஒருவரின் பதிவுக்கு ஓர் இரவில் மூன்று வரி எழுதினேன். மூன்றாவது வரியை இந்த மேடையில் வாசிக்க மாட்டேன். முப்பது பேர் கைதட்டினார்கள், நிம்மதியாகத் தூங்கினேன். அப்புறம் ஒருநாள் மின்தூக்கியின் கதவு திறந்தால் உள்ளே அவர். "நல்லா இருக்கீங்களா?" என்றார். "இருக்கேன் சார்" என்றேன். அதற்குமேல் வாய் வரவில்லை. ஏழு மாடி, இருவரும் தள எண்கள் மாறுவதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.