ஆயிரம் பஸ்கி போட்ட பையன்: சட்டைக்கு ரிட்டயர்மென்ட் கொடுத்தார்கள், ஆள் ரிட்டயர் ஆகவில்லை!

[திரையில்: அரங்கத்தின் கூரையை நோக்கி மெதுவாக ஏறும் 68-ஆம் எண் சட்டை]

2024 பிப்ரவரி 18. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரம். ஒரு ஐஸ் ஹாக்கி வீரரின் சட்டையை அரங்கத்தின் கூரைக்கு ஏற்றுகிறார்கள். இனிமேல் இந்த அணியில் 68-ஆம் எண்ணை வேறு யாரும் போட முடியாது என்று அர்த்தம். ஆட்டத்தை விட்டு ஓய்ந்தவர்களுக்குச் செய்கிற மரியாதை இது. சிக்கல் என்னவென்றால், அந்த ஆள் இன்னும் ஓயவில்லை. மூன்று நாள் முன்னால்தான் 52 வயது முடிந்திருக்கிறது. மாலை, மரியாதை எல்லாம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய் மறுபடியும் ஸ்கேட்டைக் கட்டிவிட்டார்.

பெயர் யாரொமீர் யாகர். செக் நாட்டுக்காரர். ஜாகர் என்று படித்துவிடாதீர்கள், அவர்கள் ஊரில் ஆங்கில 'ஜே' எழுத்துக்கு 'ய' உச்சரிப்பு.

வணக்கம் மக்களே! மதுரையில் ஐஸ் என்றால் ஒன்று ஜிகர்தண்டா, இல்லை மீன் மார்க்கெட்டுக்குச் சாக்கு போர்த்திப் போகும் ஐஸ் பார். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கதை எதற்கு? காரணம் என் அக்கா மகன். 2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் நம்ம ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியத்திலும் நடந்ததே, அதைப் பார்த்துவிட்டு வந்த சூட்டில் கேட்டான்: "மாமா, இதையே ஐஸ்ல ஆடுனா வழுக்காதா?"

வழுக்கும்டா. வழுக்குவதுதான் ஆட்டமே.

விதிகளைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஆறு பேர், கோல் கீப்பரையும் சேர்த்து. 20 நிமிடமாக மூன்று பகுதி. பந்துக்குப் பதில் பக் என்கிற ரப்பர் வில்லை. மூன்று அங்குல அகலம், ஓர் அங்குலக் கனம், எடை சுமார் 170 கிராம். ஓட்டை இல்லாத உளுந்த வடை என்று வைத்துக்கொள்ளுங்கள். துள்ளாமல் இருக்க ஆட்டத்துக்கு முன்னால் அதை உறைய வைக்கிறார்கள். அந்த உறைந்த வடை மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல்கூடப் பறந்து வரும். சரி, விதி போதும்.

யாகர் பிறந்தது 1972-இல், கிளாட்னோ என்ற ஊரில். முதுகில் இருக்கும் 68 ராசி எண் இல்லை. 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள், அப்போது செக் நாடும் சேர்ந்திருந்த செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் புகுந்தன. அந்த வருடத்தை மறக்கக் கூடாது என்றுதான் இந்த எண். அவருக்கு முந்தைய தலைமுறையில் அமெரிக்காவில் ஆட ஆசைப்பட்ட செக் வீரர், நாட்டை விட்டுத் தப்பி ஓட வேண்டும். 1989-இல் அங்கே கம்யூனிஸ்ட் ஆட்சி கவிழ்ந்தது. அடுத்த வருடமே, 18 வயதில், அணிகள் வரிசையாக இளம் வீரர்களைப் பொறுக்கி எடுக்கும் தேர்வில், பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் அணி இவரை ஐந்தாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. இவர் நேர்வழியில் விமானம் ஏறிப் போனார்.

இப்போதுதான் எனக்குப் பிடித்த இடம். கொஞ்ச நேரம் இங்கேயே நிற்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்னப் பையனாக இருக்கும்போதே யாகர் தினமும் ஆயிரம் பஸ்கி போட்டாராம். ஆயிரம்! இரண்டு நொடிக்கு ஒன்று என்று நிறுத்தாமல் போட்டாலே அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பஸ்கிதானே, நாங்கள் போடாத தோப்புக்கரணமா என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். நம் மீனாட்சியம்மன் கோயில் முக்குறுணிப் பிள்ளையார் முன்னால் பரீட்சைக்குப் பரீட்சை காதைப் பிடித்த கணக்கு என்னிடமும் இருக்கிறது. ஆனால் மூன்றாவதிலேயே பிள்ளையாரோடு பேரம் பேசுகிற கட்சி நான்.

வீடியோவுக்காக மொட்டை மாடியில் நூறு மட்டும் போட்டுப் பார்த்தேன். அக்கா மகன்தான் எண்ணினான். நாற்பதில் தொடை நடுங்கியது. எழுபதில் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டேன். "பிடிச்சா கணக்குல வராது மாமா" என்று ஐந்தைக் கழித்துவிட்டான். மறுநாள் காலை பெரியார் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் படியில் கால் ஏறவில்லை. பின்னால் நின்ற ஓர் அம்மா, "வயசானவுக, கொஞ்சம் வழி விடுங்கப்பா" என்று எனக்காகப் பரிந்து பேசினார். எனக்கு 34 வயது.

[திரையில்: பனியில் சறுக்கும் கால்கள், மெதுவேகத்தில்]

அந்தப் பஸ்கிக்கும் ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? தரையில் ஓடும்போது காலைப் பின்னால் உந்துகிறோம். பனியில் அப்படி உந்தினால் கால் வழுக்கிப் போய்விடும். அதனால் காலைத் திருப்பி, பக்கவாட்டில் தள்ள வேண்டும். முழங்காலை மடக்கி எவ்வளவு தாழ உட்காருகிறோமோ, அவ்வளவு நீளமாகத் தள்ளலாம். பாதி தோப்புக்கரணத்தில் உறைந்து நின்றபடியே பறக்கிற வேலை என்று சொல்லலாம். ஒரு தடவை இறங்கினால் சுமார் 45 நொடிதான் தாங்கும், உடனே ஆள் மாற்றுவார்கள். ஆட்டத்தை நிறுத்தாமலே, ஓடுகிற பஸ்ஸில் ஏறி இறங்குகிற மாதிரி மாறிக்கொள்வார்கள்.

யாகரின் வித்தையும் இந்தத் தொடையில்தான் இருந்தது. ஆறடி மூன்று அங்குல உடம்பு. பக்கைத் தன் முன்னால் வைத்துக்கொண்டு, இடுப்பையும் பின்புறத்தையும் எதிராளி மேல் சாய்த்துவிடுவார். கல்யாணப் பந்தியில் இலையை மறைத்து உட்கார்ந்திருக்கும் பெரியப்பா மாதிரி! எட்டிப் பார்க்கலாம், எடுக்க முடியாது.

பலன்? 1991, 1992 இரண்டு வருடமும் ஸ்டான்லி கோப்பை, அதாவது வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல்.லின் சாம்பியன் கோப்பை. 1998 நாகானோ ஒலிம்பிக்கில் தங்கம். அந்த என்.ஹெச்.எல். லீக்கில் 1,733 ஆட்டம், 766 கோல். கோலுக்குக் கைகொடுத்தது 1,155. இரண்டையும் கூட்டினால் 1,921 புள்ளி, வரலாற்றில் இரண்டாம் இடம். முதலிடம் கனடாவின் வெய்ன் கிரெட்ஸ்கி, 2,857. இதில் ஒரு கூத்து. கிரெட்ஸ்கி கைகொடுத்த கணக்கு மட்டுமே 1,963. மனுஷன் வாழ்நாளில் ஒரு கோல்கூட அடிக்காமல் இருந்திருந்தாலும் யாகர் இரண்டாம் இடம்தான். பாவம், இதற்கெல்லாம் பஸ்கி போட்டு என்ன செய்வது!

நடுவில் மூன்று வருடம் ரஷ்யாவின் ஓம்ஸ்க் அணிக்குப் போய் ஆடினார். போகாமல் இருந்திருந்தால் கணக்கு இன்னும் ஏறியிருக்கும் என்பது என் வருத்தம்.

ரசிகர்களைச் சொல்லாமல் விட்டால் மதுரைக்காரன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. தோள் வரை தொங்கும் அவருடைய பின்முடி மாதிரியே டோப்பா வைத்துக்கொண்டு, அவர் ஆடிய ஒவ்வோர் அணியின் சட்டையையும் ஆளுக்கொன்றாகப் போட்டுக்கொண்டு, ஊர் ஊராகப் போகிற ஒரு கோஷ்டி கனடாவில் இருக்கிறது. ஃப்ளெக்ஸ் போர்டு ஒன்றுதான் குறை. 2024 மார்ச்சில், பிட்ஸ்பர்க் அரங்கத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க யாகர் தலையாட்டி பொம்மைகள் செய்தார்கள், நம் தஞ்சாவூர் பொம்மைக்கு அமெரிக்கத் தம்பி. வருகிற வழியில் கலிபோர்னியாவில் லோடையே திருடிவிட்டார்கள்! அப்புறம் கிடைத்தது.

சரி, 50 தாண்டியும் ஏன் ஆடினார்? அவர் ஆடிய, சொந்த ஊரான கிளாட்னோவின் அணிக்கு அப்போது முதலாளியாக இருந்ததே அவர்தான். நம் ஊர் புரோட்டாக் கடையில் ஓனரே கல்லாவில் சில்லறை கொடுத்து, அவரே சால்னா வாளியைத் தூக்கிக்கொண்டு வருவாரே, அந்த ரகம். ஓனர் நின்றால்தான் கடையில் கூட்டம் என்பது என் கணிப்பு.

உங்கள் வீட்டில் யாராவது நூறு பஸ்கி முழுதாகப் போட்டால் கமெண்டில் எண்ணிக்கையைச் சொல்லுங்கள். தொட்டியைப் பிடித்தது கணக்கில் வராது. என் கணக்கு 95. கீழே இறங்க இன்னும் கைப்பிடிச் சுவர்தான் துணை.