காகத்துக்குத் தெரிந்த கட்டடக்கலை

(வெள்ளவத்தையில், கழிவுப் பொருள்களால் உயிரினங்களுக்கு உறைவிடம் அமைத்த இளங்கலைஞர்களின் கண்காட்சித் திறப்பில் ஆற்றிய உரை)

அவையோருக்கு வணக்கம்.

வரும் வழியில், காலி வீதிக் கம்பமொன்றில் காகக் கூட்டைப் பார்த்தேன். பாதி சுள்ளி, பாதி கம்பி. உடுப்பு மாட்டும் கொளுக்கி ஒன்றும் வளைந்து கிடந்தது. தம்பி தங்கையரே, உங்கள் துறைக்கு உங்களுக்கு முன்னமே ஆள் வந்துவிட்டது! அந்தக் கூட்டில் குயில் வாடகையில்லாமல் முட்டையிட்டு, காகத்தைக் கொண்டே பிள்ளை வளர்ப்பிப்பது வேறு கதை.

ஜப்பானியக் கலைஞர் அகி இனோமாதா 2009இல், காலிச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டுகளுக்கு வீடு செய்யத் தொடங்கினார். ஓட்டின் மேலே நகரக் கட்டடங்கள், கண்ணாடிபோல் பளபளக்கும். உள்ளே மட்டும் தன் கற்பனையை நுழைக்கவில்லை. உண்மைச் சங்கை ஸ்கேன் எடுத்து, அந்தச் சுருளையே வைத்தார். மேற்புறம் நமக்கு, உட்புறம் நண்டுக்கு.

இதை மறந்தவர்கள் அமெரிக்காவின் புளோரிடாக்காரர்கள். மீனுக்கு வீடென்று சொல்லி, 1972இல் தொடங்கி ஏறத்தாழ 20 இலட்சம் பழைய டயர்களைக் கடலில் போட்டார்கள். கட்டுகள் அறுந்தன. புயலடிக்கும்போதெல்லாம் டயர்கள் உருண்டு, பக்கத்திலிருந்த உயிருள்ள பவளப்பாறையை நொறுக்கின. உருளும் பொருளில் பவளம் எப்படி வேர்கொள்ளும்? பிறகு படையினரே முக்குளித்து அள்ள வேண்டியதாயிற்று. 2021இல் நெடுந்தீவுக் கடலில் நம்மவரும் மீனுக்கென்று பழைய பஸ்களை இறக்கினார்கள். இராமேசுவரம் மீனவர்கள் கொதித்தார்கள். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. மெல்லிய தகட்டை உப்புநீர் எவ்வளவு காலம் விட்டுவைக்கும் என்பதுதான் என் கேள்வி.

இனி உங்கள் படைப்புக்கு வருகிறேன். கோபிக்க வேண்டாம். முற்றத்து மாமரத்தில் குருவிக்கூடாகத் தொங்கும் அந்தப் பால்மாப் பேணி, கருநீல வண்ணமும் சித்திரமுமாக மிக அழகு. சற்றுமுன் அதற்குள் கையை விட்டேன், தோசைக்கல்லாய்ச் சுட்டது. வாய் மேற்குப் பக்கம், பின்னேர வெயில் முழுவதும் அதற்குள். என் கையே நுழைகிறதென்றால் மைனாவும் நுழையும். சிட்டுக்குருவிக்கு 32 மில்லிமீற்றர் துளை போதும். வாசலில் செருகிய குச்சி குருவிக்குத் தேவையில்லை, காகம் உட்கார்ந்து முட்டை திருடத்தான் வசதி. கடைக்காரர்கள் குருவிக்கென்று தொங்கவிடும் மண்முட்டியில் ஓவியமும் இல்லை, ஒப்பமும் இல்லை. ஆனால் உள்ளே குளிர்ச்சி.

பேணியை எறிய வேண்டாம். சுற்றித் தென்னந்தும்பு கட்டி, துளையைச் சுருக்கி, நாளைக் காலை பின்னேர வெயில் படாத நிழலுக்கு மாற்றுவோம். ஏணியை நான் பிடிக்கிறேன்.