வெள்ளியை உருக்குபவர் வெள்ளிக்கு எதிரியா? நியாயத்தீர்ப்பும் சிலுவையும்

[காட்சி: மிக்கேல் அதிதூதர் சொரூபம். ஒரு கையில் வாள், மறு கையில் தராசு, காலடியில் சாத்தான்.]

வணக்கம். கத்தோலிக்கக் கோயில்களுக்குப் போய் வருபவர்களுக்கு இந்தச் சொரூபம் பழக்கமானதுதான். அந்தத் தராசை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். பைபிளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினாலும் மிக்கேல் தராசு பிடித்ததாக ஒரு வரிகூடக் கிடைக்காது. ஓவியர்களும் சிற்பிகளும் அவர் கையில் கொடுத்துவிட்டது அது. ஆனாலும் நியாயத்தீர்ப்பு என்றதும் நம் மனதில் வந்து நிற்பது இதுதான்: ஒரு தட்டில் பாவம், மறு தட்டில் புண்ணியம், முள் சாய்கிற பக்கம் சொர்க்கமோ நரகமோ.

அப்படியென்றால் இயேசு சிலுவையில் உயிர்விட்ட பெரிய வெள்ளிக்கு அங்கே என்ன வேலை? தமக்கென்று எதையும் மிச்சம் வைக்காமல் உயிரையே கொடுத்தவர்தான் கடைசி நாளில் நியாயம் தீர்க்க வருவார் என்று கிறிஸ்தவர்கள் விசுவாசப் பிரமாணத்தில் சொல்கிறார்கள். கொடுத்தவரும் தீர்ப்பவரும் எப்படி ஒரே ஆள்?

[காட்சி: பழைய ரோமாபுரி வரைபடம்.]

சுலபமான பதில் ஒன்று உண்டு. பழைய ஏற்பாட்டுக் கடவுள் கோபக்காரர், புதிய ஏற்பாட்டுக் கடவுள் அன்பானவர். டீக்கடையில்கூட இதைக் கேட்கலாம். மார்சியோன் என்பவர் இதை இன்னும் துணிந்து, அவை இரண்டும் வேறு வேறு கடவுள்கள் என்றே சொன்னார். கி.பி. 144-இல் ரோம் சபை அவரை வெளியேற்றியது. சரியாகத்தான் செய்தது என்பேன். பழைய ஏற்பாட்டில்தான் ஓசியா 11-ஆம் அதிகாரம் இருக்கிறது. தண்டனைக்குரிய மக்களைப் பார்த்து, உன்னை எப்படிக் கைவிடுவேன் என்று கடவுள் அங்கே தவிக்கிறார். மறுபக்கம், புதிய ஏற்பாட்டில் நரகத்தைப் பற்றி அடிக்கடி எச்சரிப்பவர் சாட்சாத் இயேசுவேதான்.

இரண்டாவது சுலபமான பதில் கன்வென்ஷன் கூட்டங்களில் கதையாக வரும். நீதிபதி அபராதம் விதிக்கிறார், குற்றவாளியிடம் பணமில்லை, நீதிபதியே இறங்கி வந்து தன் பையிலிருந்து கட்டிவிடுகிறார். கதை பாதி சரி. இறங்கி வருபவர் நீதிபதியேதான், வேறு யாரோ ஒரு மூன்றாவது ஆள் இல்லை. அது முக்கியம். ஆனால் அபராதத்தை அடுத்தவர் கட்டலாம். தூக்குத்தண்டனையை அடுத்தவர் ஏற்றுக்கொள்ள எந்தக் கோர்ட்டும் விடாது. அந்த இடத்தில் கதை நொண்டுகிறது. அதைச் சரிக்கட்டப் போய், கோபத்தில் கொதிக்கிற அப்பா, குறுக்கே விழுந்து அடி வாங்குகிற மகன் என்று சிலர் மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள். இது இன்னும் மோசம்.

கான்டர்பரி பேராயர் அன்செல்ம் 1098-இல் எழுதி முடித்த நூலில்கூட அப்படிப்பட்ட அப்பா கிடையாது. கடவுளுக்குரிய மகிமையைப் பாவம் பறித்துவிட்டது, ஈடு செய்ய வேண்டியவன் மனிதன், செய்ய முடிந்தவர் கடவுள் மட்டுமே, ஆகவே கடவுள் மனிதரானார் என்பது அவர் வாதம். 16-ஆம் நூற்றாண்டில் சட்டம் படித்த சீர்திருத்தவாதி கால்வின் போன்றவர்கள் அதைத் தண்டனையின் பாஷைக்கு மாற்றினார்கள். புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலர் பவுல் சொல்வதோ நேரடியானது: கிறிஸ்துவுக்குள் இருந்து உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கியவர் கடவுளே. அடிப்பவர் ஒருவர், அடி வாங்குபவர் இன்னொருவர் என்று பிரிக்க அங்கே இடமில்லை.

[காட்சி: செவ்வாய்ப்பேட்டை. வெள்ளிப் பட்டறை. உலையின் நெருப்பு.]

இனி நம்ம ஊர் சேலத்துக்கு வருவோம். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு என்று கொலுசு செய்கிற தெருக்களில், பட்டறைத் தரையைப் பெருக்கிய தூசியைக்கூட யாரும் குப்பையில் கொட்டுவதில்லை. கூட்டி எடுத்துப் பத்திரப்படுத்தி, உருக்கி, அதிலிருக்கும் வெள்ளியை மீட்கிறார்கள். வெள்ளி உருக 962 டிகிரி வெப்பம் வேண்டும். வெண்காரம் போட்டால் கசடு தனியாக மேலே திரளும். அந்தக் காலத்தில் புடம் போடும்போது அழுக்கு வெள்ளியோடு ஈயத்தைச் சேர்த்து உருக்குவார்கள். காற்று பட்டு ஈயம் சாம்பலாகி, செம்பு முதலான கலப்புகளையும் இழுத்துக்கொண்டு எலும்புச் சாம்பல் கிண்ணத்துக்குள் இறங்கிவிடும். வெள்ளி மட்டும் நிற்கும்.

தீர்க்கதரிசிகளுக்கு இந்த வேலை அத்துப்படி. எரேமியா 6-ஆம் அதிகாரத்தில் துருத்தி வருகிறது, ஈயம்கூட வருகிறது. மல்கியா 3-ஆம் அதிகாரத்தில், வரப்போகும் ஆண்டவர் வெள்ளியைப் புடம் போடுபவரைப் போல உட்கார்ந்திருக்கிறார். நின்றுகொண்டு ஓங்கி அடிப்பவராக இல்லை, உலையைவிட்டு எழுந்து போக முடியாத தொழிலாளியாக. வெள்ளியில் தன் முகம் தெரியும் வரை அவர் காத்திருப்பார் என்று ஒரு வாட்ஸ்அப் ஃபார்வேர்டு சுற்றுகிறதே, அது பைபிளில் கிடையாது. அந்த அலங்காரம் தேவையும் இல்லை. தூசியைக்கூட விடாமல் கூட்டி எடுப்பவருக்கு வெள்ளிமேல் என்ன கோபம் இருக்க முடியும்? அவர் எரிப்பது கசடை. ஆனால் நெருப்பு நெருப்புதான், சுடும்.

இன்னொன்று. அந்த உலையில் முதலில் போடப்படுபவர்கள் யார் தெரியுமா? லேவியின் புதல்வர்கள், அதாவது குருக்கள். பிரசங்கங்களில் இந்த வரி மட்டும் ஏனோ அவ்வளவாக அடிபடுவதில்லை.

(கத்தோலிக்கர்கள் உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றி, அதாவது செத்தவர்கள் சொர்க்கத்துக்கு முன் சுத்தமாக்கப்படும் நிலையைப் பற்றிப் பேசும்போது இந்த நெருப்பைத்தான் நினைக்கிறார்கள். சீர்திருத்த சபைகள் அதை ஏற்பதில்லை. அதற்குத் தனி வீடியோ வேண்டும்.)

[காட்சி: ஏற்காடு சாலை. காபிச் செடிகள். கூடையோடு பெண்கள்.]

கசடு என்றால் எது? மல்கியா அடுத்த இரண்டே வசனத்தில் சொல்லிவிடுகிறார்: சூனியம், விபசாரம், பொய் சத்தியம், அதோடு கூலிக்காரரின் கூலியில் கை வைப்பது, விதவையையும் அநாதையையும் ஒடுக்குவது, அயலாரை விரட்டுவது. மலையில் பழம் பறிப்பவரோ பட்டறையில் சலங்கை கோப்பவரோ கூலியில் ஏமாந்தால், அவர்மேல் அன்பு வைத்திருப்பவருக்குக் கோபம் வந்தே தீரும். வராவிட்டால் அந்த அன்பு என்ன அன்பு? அதனால்தான் 96-ஆம் சங்கீதத்தில், கடவுள் நியாயம் தீர்க்க வருகிறார் என்று கேட்டதும் காட்டு மரங்களெல்லாம் சந்தோஷத்தில் ஆர்ப்பரிக்கின்றன. பயப்படவில்லை. ஏமாற்றப்பட்டவர்களுக்குத் தீர்ப்பு நல்ல செய்தி.

1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் செத்தார்கள். பெரும்பாலோர் மலபார் பக்கத்து விவசாயப் போராளிகள். கடவுளைப் பற்றி அவர்கள் என்ன நினைத்தார்களோ, அது வேறு விஷயம். செத்தவர்களை எந்தக் கோர்ட்டும் கூண்டில் ஏற்றி, உனக்கு என்ன நடந்தது என்று கேட்க முடியாது. கேட்கப்படும் நாள் ஒன்று உண்டு என்பதுதான் கிறிஸ்தவர்கள் பொதுத்தீர்வை என்று நம்புவது. கடவுள் அன்பானவர், ஆகவே தீர்ப்பே கிடையாது என்று நல்ல மனதோடு சொல்பவர்கள் இந்த 22 பேரை மறந்துவிடுகிறார்கள்.

[காட்சி: சிலுவைப் பாதை, முதல் நிலை. பிலாத்து கை கழுவுகிறான்.]

இப்போது அந்த நீதிபதியைப் பார்ப்போம். தவக்காலத்தில் சிலுவைப் பாதை 14 நிலைகளில் முதலாவது, இயேசு மரணத் தீர்ப்புக்கு உள்ளாகும் காட்சி. உலகத்துக்குத் தீர்ப்பு சொல்ல வேண்டியவர் ஒரு ரோம அதிகாரியின் முன் கட்டுண்டு நிற்கிறார். கொடுக்கப்பட்டதும் அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரிய சாவு. பிலிப்பியர் 2-ஆம் அதிகாரம், கடவுளின் வடிவில் இருந்தவர் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளாமல் தம்மை வெறுமையாக்கி, அடிமையின் கோலம் எடுத்து, சிலுவைச் சாவு வரை தாழ்ந்தார் என்கிறது. யோவான் 5-இல் தீர்ப்பிடும் அதிகாரம் முழுவதும் மகனிடம் ஒப்படைக்கப்படுகிறது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். அநியாயத் தீர்ப்பு எப்படி வலிக்கும் என்று உடம்பில் தெரிந்தவர் கையில்தான் கடைசித் தீர்ப்பு இருக்கிறது. சுவிட்சர்லாந்து இறையியலாளர் கார்ல் பார்த் 20-ஆம் நூற்றாண்டில் இந்த இடத்தைத்தான் விடாமல் பிடித்துக்கொண்டார்: நம் இடத்தில் நின்று தீர்ப்புக்கு உள்ளானவர் நீதிபதியே.

1623-இல் இத்தாலிய இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நோபிலி மதுரையிலிருந்து வடக்கே கிளம்பி, சேந்தமங்கலம் வழியாகச் சேலத்துக்கு வந்தார். செய்த வினை தானே வந்து சேரும் என்பது இங்கே அன்றும் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். அந்தக் கணக்குக்கு நீதிபதி தேவையில்லை. தெ நோபிலி மறுபிறப்பை மறுத்துத் தமிழிலேயே எழுதினார். வினைக் கணக்கு ஆளைப் பார்க்காது, அது ஒரு விதி. அவர் சொன்ன மதத்திலோ மனிதன் ஒருவர் முன்னால் போய் நிற்க வேண்டும். அந்த ஒருவர் கேள்வி கேட்பார்.

[காட்சி: அஸ்தம்பட்டி, மத்திய சிறையின் வெளிச்சுவர்.]

என்ன கேள்வி என்று மத்தேயு 25 சொல்கிறது. பசித்திருந்தேன், சாப்பாடு கொடுத்தாயா? தாகமாயிருந்தேன், தண்ணீர் கொடுத்தாயா? சிறையில் இருந்தேன், பார்க்க வந்தாயா? எத்தனை ஜெபமாலை, எத்தனை உபவாசக் கூட்டம் என்ற கேள்வியே அங்கே வரவில்லை. வேடிக்கை என்னவென்றால் வலப்பக்கம் நிற்பவர்களும் திகைக்கிறார்கள், இடப்பக்கம் நிற்பவர்களும் திகைக்கிறார்கள். எப்போது ஆண்டவரே உம்மைப் பார்த்தோம்? கணக்கு வைத்துக்கொண்டு கொடுத்தவர்கள் யாரும் வலப்பக்கத்தில் இல்லை. தன்னைக் கொடுத்தவர், அதே கொடுத்தலை அளவுகோலாக வைத்து அளக்கிறார். மிக்கேலின் தராசால் இதை எடை போட முடியாது.

அப்புறம் நரகம். இடப்பக்கம் போகிறவர்களின் கதி என்ன? ஏழாம் நூற்றாண்டில் நினிவே ஆயராக இருந்த ஈசாக்கு, நரகத்தில் மனிதரை வாட்டுவதே அன்புதான் என்றார். அன்புக்கு எதிராகச் செய்துவிட்டோம் என்று உறைக்கிற வேதனை அது. கடவுளிடமிருந்து மனிதன் தானாகவே தன்னைத் துண்டித்துக்கொள்ளும் நிலை என்கிறது இன்றைய கத்தோலிக்க மறைக்கல்வி. எல்லாரும் ஒருநாள் மீட்கப்பட்டுவிடுவார்கள் என்று பழைய காலத்திலிருந்தே சிலர் வாதிட்டு வருகிறார்கள். பெரும்பாலான சபைகள் அதை ஏற்கவில்லை. எனக்கும் அது அவசரப்பட்ட முடிவாகத்தான் படுகிறது. வேண்டாம் என்று சொல்லும் உரிமையை மனிதனிடமிருந்து பிடுங்கிவிட்டால் அது அன்பாக இருக்காது.

ஆனால் ஒன்று. கத்தோலிக்கத் திருச்சபை ஆயிரக்கணக்கானோரைப் பெயர் சொல்லிப் புனிதர் என்று அறிவித்திருக்கிறது. நரகத்தில் இருக்கிறார் என்று ஒரே ஒரு மனிதரின் பெயரைக்கூட இதுவரை அறிவித்ததில்லை. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசின் பெயரையும் சேர்த்துத்தான்.