கரையில் நின்று தூண்டில் போட எங்கே போவது?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

"திருகோணமலையில் எங்கே நின்றால் மீன் படும்?" புதிதாகத் தூண்டில் வாங்கியவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். ஒரு இடத்தின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அதே இடத்தில் விடியப் போனவருக்குப் பை நிறையும், மத்தியானம் போனவர் வெறுங்கையோடு திரும்புவார். இடத்தின் பெயரோடு தண்ணீரையும் பார்க்கத் தெரிய வேண்டும். அதைப் பழக நம் ஊரைப் போல வாய்ப்பான கரை கிடைப்பது அரிது. அலையே இல்லாத உட்துறைமுகம் ஒரு பக்கம், திறந்த கடல் மறுபக்கம், வடக்கிலும் தெற்கிலும் களப்பு வாய்கள். எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன.

மீன் இரை வந்து சேரும் இடத்தில்தான் நிற்கும். ஓடுகிற தண்ணீரும் நிற்கிற தண்ணீரும் சந்திக்கும் கோடு, மணல் முடிந்து கல் தொடங்கும் இடம், ஆழம் சட்டென்று மாறும் விளிம்பு, இவைதான் அந்த இடங்கள். ஒரே மாதிரிக் கிடக்கிற தண்ணீரில் நாள் முழுக்க நின்றாலும் பலன் குறைவு. எந்தக் கரைக்குப் போனாலும் தூண்டிலை வெளியே எடுக்க முன் கால் மணி நேரம் சும்மா நின்று பாருங்கள். எங்கே தண்ணீர் மாறுகிறது என்பதைக் கண் தானாகவே பிடித்துக்கொள்ளும்.

இதைத் தெளிவாகக் காட்டும் இடம் பாலத்தடி. நிலாவெளியைத் தாண்டிப் புல்மோட்டை வீதியில் போனால் இறக்கக்கண்டிப் பாலம் வரும். தெற்கே கிண்ணியாப் பாலம். 2009இல் அந்தப் பாலம் திறக்கும்வரை அக்கரைக்குப் பாதை எனும் மிதவைப் படகில்தான் போய்வந்தோம், பலருக்கு நினைவிருக்கும். நம் கடலில் நீர் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீற்றருக்கும் குறைவுதான். கடற்கரையில் நின்று பார்த்தால் பெரிதாகத் தெரியாது. ஆனால் தம்பலகாம விரிகுடாவின் தண்ணீர் எல்லாம் கிண்ணியாவின் ஒடுங்கிய வாயால்தான் கொட்டியாரக்குடாவுக்குப் போய்வர வேண்டும். அதனால் பாலத்தடியில் தண்ணீர் ஆறு போல இழுக்கும்.

அங்கே தூண் ஒன்றைக் கவனியுங்கள். ஓட்டம் தூணில் மோதி இரண்டாகப் பிரியும். தூணுக்குப் பின்னால் ஒரு துண்டுத் தண்ணீர் மட்டும் மெதுவாகச் சுழன்றுகொண்டு நிற்கும். ஓடும் தண்ணீருக்கும் சுழலும் தண்ணீருக்கும் நடுவே நுரையும் சருகும் ஒரு கோடாகச் சேர்ந்து போகும். பாரையும் செப்பலியும் அந்த மெதுவான பக்கத்தில் நின்றுகொண்டு, கோட்டில் அடித்து வரும் சின்ன மீனையும் இறாலையும் பாய்ந்து பிடிக்கும். எனவே இரையைச் சுழலுக்குள் போடாதீர்கள். ஓட்டம் வரும் பக்கமாக, கொஞ்சம் மேலே போட்டு, அது தானாக அந்தக் கோட்டுக்கு வந்து சேர விடுங்கள்.

ஒரு நாளில் தண்ணீர் இரண்டு தரம் ஏறும், இரண்டு தரம் வடியும். ஓட்டம் தொடங்கும் நேரமும் தணியும் நேரமும்தான் புதியவருக்கு நல்லது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இழுவை பலமாக இருக்கும், ஈயம் தரையில் நிற்காது. பழகும்வரை இடைப்பட்ட நாட்களில் போங்கள். பாலத்தின் மேலே நின்று போட வேண்டாம். வாகனம் போகிற வழி அது. எறியும்போது பின்னால் போகிறவரின் முகத்தில் தூண்டில் மாட்டினால் என்ன ஆகும்? கீழே கரையில் இறங்கி நில்லுங்கள்.

உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரை வேறு பாடம். அங்கே எல்லோரும் பலம் கொண்ட மட்டும் தூரமாக எறிகிறார்கள். அலை உடைந்து கரையைத் தொடும் இடத்தில் மணல் ஒரு படி போல இறங்கியிருக்கும். அலை கிளறிவிடும் சின்ன உயிர்களைத் தின்ன கிளக்கன் அந்தப் படிக்கே வரும். அதற்குப் பத்துப் பதினைந்து பாகம் (ஒரு பாகம் என்பது விரித்த இரு கைகளின் நீளம்) எறிந்தால் தாராளம். மத்தியானம் வெயில் தலைக்கு நேரே இருக்கும்போது ஒரு தரம் நடந்து பாருங்கள். பச்சைத் தண்ணீருக்குள் கறுத்த கோடாகத் தெரிவது ஆழம். இரண்டு பக்கமும் அலை உடைந்து, நடுவில் மட்டும் உடையாமல் கிடந்தால் அதுவும் ஆழமான வாய்க்கால்தான். அடையாளம் வைத்துக்கொண்டு பொழுது சாயும்போது தூண்டிலோடு வாருங்கள். ஆனால் அந்த வாய்க்காலில் மட்டும் பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகும் வழி அது, ஆளையும் இழுத்துக்கொண்டு போகும்.

கரைவலை இழுக்கும் நேரத்தில் அந்தப் பாட்டுக்குள், அதாவது வலை வளைத்த பகுதிக்குள், தூண்டில் போடக் கூடாது. அது ஒரு குடும்பத்தின் அன்றையச் சோறு. பக்கத்தில் நின்று வலையின் மடி கரையேறுவதைப் பாருங்கள். சூடை வந்திருக்கிறதா, காரலா, கும்பிளாவா? அன்றைக்குக் கரையோரம் என்ன மீன் நிற்கிறது என்பதை அதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. அப்புறம் இரைக்கும் அங்கேயே நாலு சூடை வாங்கிக்கொள்ளலாம். கடையில் ஐஸில் கிடந்ததைவிட அது எவ்வளவோ மேல்.

திருக்கடலூரிலோ சல்லியிலோ கிண்ணியாவிலோ பழகிய ஆட்களிடம் கேட்கும்போது "மீன் எங்கே?" என்று கேட்காதீர்கள். "அண்ணே, இங்க தண்ணி எத்தனை மணிக்கு மாறும்?" "நானா, அடியில கல்லா மணலா?" என்று கேளுங்கள். தண்ணீரைப் பற்றிக் கேட்டால் கடலோடிகள் மனம் விட்டுப் பேசுவார்கள். ஒருவர் பிழைப்புக்குப் போகும் இடத்தைக் கேட்பது வேறு, கடலைக் கற்றுத் தரக் கேட்பது வேறு.

காலமும் பார்க்க வேண்டும். பங்குனி தொடங்கிப் புரட்டாதி வரை வெளிக்கடல் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் காற்று முதுகுப் பக்கம் இருக்கும், எறிய இலகு. ஐப்பசிக்குப் பிறகு வாடை கிளம்பினால் திறந்த கரையை விட்டுவிடுங்கள். அப்போது கை கொடுப்பது உட்துறைமுகம். மலைகள் சுற்றி மறைப்பதால் வெளியே கடல் கொந்தளித்தாலும் உட்துறைமுக வீதியோரம் தண்ணீர் அமைதியாக இருக்கும். ஓராவும் சின்னப் பாரையும் அங்கே கல்லோரமாகத் திரியும். முதல் தரம் போகிறவருக்கு நான் சொல்வதும் அந்த வீதியோரத்தைத்தான். பஸ் இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, பக்கத்தில் ஆள் இருக்கும்.

போகக் கூடாத இடங்களும் உண்டு. கோணேசர் மலையடிப் பாறைகளில் இறங்க வேண்டாம். அது கோயில் வளவு. கால் வழுக்கினால் கீழே ஆழக்கடல். கடற்படை வேலி போட்ட கரைகளுக்குக் கிட்டவும் போகாதீர்கள். நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாமலை 2003இல் இருந்து தேசியப் பூங்கா, அங்கே மீன்பிடி தடை.

சாமான் அதிகம் வேண்டாம். ஒரு சுருள் தங்கூசி (நைலோன் நூல்), நுனியில் ஈயம், அதற்கு ஒரு சாண் மேலே சின்னத் தூண்டில் ஒன்று. புதியவர்கள் பெரிய தூண்டிலாகத்தான் வாங்குகிறார்கள். கிளக்கனின் வாய் எவ்வளவு சிறிது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். இறாலின் தலையைக் கிள்ளிவிட்டு வால் பக்கமாக வளைவோடு ஏற்றினால் தண்ணீரில் சுழலாது.

பேத்தை (உடலை ஊதிக்கொள்ளும் மீன்) பட்டால் கறிக்கு எடுக்காதீர்கள். சமைத்தாலும் அதன் நஞ்சு போகாது. கெளுத்தி முள்ளோ திருக்கை முள்ளோ குத்தினால், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீருக்குள் அந்த இடத்தை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அறுந்த தங்கூசியைக் கரையில் விட்டுவிட்டு வராதீர்கள். முட்டையிட வரும் ஆமையின் காலில் அது சுற்றினால் அவிழ்த்துவிட அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. ஒரு நாள் மீன் படவில்லை என்று இடத்தை மாற்றிவிடாதீர்கள். அதே கரைக்குத் திரும்பப் போங்கள், வேறு நேரத்தில். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது, எத்தனை மணிக்கு முதல் மீன் கொத்தியது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மார்கழியில் எழுதியது ஆனியில் உதவாது, அதனால் மாதத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

நன்றி, வணக்கம்.